டயருக்கு ஆயுள் கொடுத்தவர்

ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் போயிருக்கிறீர்களா குழந்தைகளே? திண்டுக்கல், தேனி, கோவை, ஈரோடு, சேலம் என்று பல ஊர்களுக்கு மதுரையிலிருந்து பஸ்கள் புறப்படும் இடம் அது. அடுத்த முறை போகும்போது, ஜன்னல் சீட்டைப் பிடிக்க ஓடுவதற்கு முன் பஸ்சின் டயர்களை ஒரு நிமிடம் பாருங்கள். சில டயர்களில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளங்கள் இருக்கும். சிலவற்றில் பள்ளம் தேய்ந்து, கோடு போட்டதுபோலத் தெரியும். இந்தப் பள்ளமும் மேடும் சேர்ந்ததைத்தான் டிரைவர்களும் பஞ்சர் கடைக்காரர்களும் 'பட்டன்' என்று சொல்கிறார்கள். பட்டன் முழுக்கத் தேய்ந்துவிட்டால் அது 'மொட்டை டயர்'!

ஒரு டயர் எத்தனை நாள் உழைக்கும்? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு பஸ் ஓட்டிய ஒருவருக்கு, லாபமும் நஷ்டமும் இந்தக் கேள்விக்குள்தான் ஒளிந்திருந்தன. அவர்தான் டி.வி.சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துகளுக்குச் சொந்தக்காரர். அதில் முதல் எழுத்தான 'டி', அவர் பிறந்த ஊரைக் குறிக்கும்.

திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது திருக்குறுங்குடி. நம்பி பெருமாள் கோயிலால் புகழ்பெற்ற ஊர். அங்கே 1877ஆம் ஆண்டு மார்ச் 22 அன்று சுந்தரம் பிறந்தார். மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதன்படியே வழக்கறிஞராகத் தொழிலைத் தொடங்கினார். மனம் அதில் நிற்கவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு வங்கி ஒன்றில் சேர்ந்தார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும் வேலைகள். அந்தக் காலத்தில் ஊரே மெச்சும் உத்தியோகங்கள்.

அதையெல்லாம் விட்டுவிட்டு, 1911ஆம் ஆண்டில் சொந்த நிறுவனம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34. அடுத்த ஆண்டு, 1912இல், பஸ் ஓட்டத் தொடங்கினார்!

இன்றைக்கு இதைப் படிக்கும்போது அப்படியொன்றும் பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் அன்றைய நிலையை நினைத்துப் பாருங்கள். தூரத்து ஊர்களுக்கு ரயில், பக்கத்து ஊர்களுக்கு மாட்டு வண்டி, ஜட்கா வண்டி. மோட்டார் வண்டியைப் பார்க்காதவர்களே நாட்டில் அதிகம். தார்ச் சாலைகள் கிடையாது. கருங்கல் ஜல்லியைக் கொட்டி, மேலே செம்மண்ணைப் போட்டு இறுக்கிய கப்பிச் சாலைகள்தான். மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் கூரான கல் முனைகள் வெளியே எட்டிப் பார்க்கும்.

மாட்டு வண்டிக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. அதன் மரச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை இருக்கும். பஸ்சின் சக்கரத்திலோ ரப்பர். காற்று அடைத்த ரப்பர் டயர் அப்போது புதுச் சரக்கு. ஸ்காட்லாந்தில் பிறந்து, அயர்லாந்தில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அதைச் செய்து பார்த்தார். 1888ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதாவது சுந்தரத்துக்கு 11 வயது ஆனபோதுதான் டன்லப்பின் டயர் பிறந்தது!

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்து டயர் கறுப்பு நிறம் கிடையாது. ரப்பர் மரத்துப் பாலின் இயல்பான நிறம் வெளுப்பு. அதனால் டயரும் வெளுப்பாகவே இருந்தது. சீக்கிரம் தேய்ந்தும் போனது. 1910க்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் ரப்பரில் கரித்தூளைக் கலக்கும் வழக்கம் பரவியது. நம் வீட்டு அடுப்புக்கரி அல்ல. எண்ணெயையோ வாயுவையோ அரைகுறையாக எரித்து எடுக்கும் மிக நுண்ணிய கரி. அதைச் சேர்த்ததும் டயரின் உழைப்பு பல மடங்கு கூடியது. இன்று நாம் பார்க்கும் டயர்கள் எல்லாம் கறுப்பாக இருப்பது அழகுக்காக அல்ல, ஆயுளுக்காக!

சரி, சுந்தரம் ஐயங்காரிடம் வருவோம். அவர் பஸ் தொழிலில் இறங்கியபோது இந்தியாவில் டயர் தொழிற்சாலையே இல்லை. வங்காளத்தில் சாகாகஞ்ச் என்ற ஊரில் டன்லப் நிறுவனத்தின் தொழிற்சாலை வந்தது 1936இல்தான். அதுவரை டயர் கப்பலில்தான் வரவேண்டும். ஒரு டயர் வெடித்தால் பக்கத்துக் கடையில் வாங்கி மாட்ட முடியாது. டயரைக் காப்பாற்றத் தெரியாதவரால் அன்று பஸ் கம்பெனி நடத்தவே முடியாது என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதிலும் அவர் பஸ்களுக்கு ஒரு பெயர் உண்டு. குறித்த நேரத்துக்குப் புறப்படும், குறித்த நேரத்துக்கு வந்து சேரும். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து மணியைச் சரி செய்துகொள்ளலாம் என்று தென்மாவட்டங்களில் தாத்தா, பாட்டிகள் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். கடிகாரம் இல்லாத வீடுகள் நிறைந்த காலம் அது.

நேரம் தவறாமல் பஸ் ஓட்டுவதற்கு நல்ல இன்ஜினும் நல்ல டிரைவரும் இருந்தால் போதுமா? போதாது. நடுவழியில் பஞ்சர் ஆனால் எல்லாம் போச்சு! சக்கரத்தைக் கழற்றி, டயருக்குள்ளிருந்து டியூபை உருவி, ஓட்டையைக் கண்டுபிடித்து, ஒட்டுப் போட்டு, கைப்பம்பில் காற்று அடித்து மாட்டுவதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். பயணிகள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் காலத்துப் பஞ்சருக்கு முக்கியக் காரணம் என்ன தெரியுமா? லாட ஆணி! வண்டி மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் குளம்பு தேயாமல் இருக்க இரும்பு லாடம் அடிப்பார்கள். அந்த லாடத்தைப் பிடித்திருக்கும் ஆணிகள் நடக்க நடக்கத் தளர்ந்து சாலையில் விழும். மாடு போனபின் அதே சாலையில் பஸ் வரும். டயரில் ஆணி ஏறும்.

இதற்கு சுந்தரம் ஐயங்கார் ஒரு வழி கண்டுபிடித்தார் என்று ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. பஸ்சின் முன்பக்கம், தரையை ஒட்டி ஒரு பெரிய காந்தத்தைக் கட்டித் தொங்கவிட்டாராம். பஸ் போகப் போக, சாலையில் கிடக்கும் ஆணிகள் டயருக்கு அடியில் போவதற்கு முன்பே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். பஸ்சின் முன்னால் அல்ல, தனியாக ஒரு காந்த உருளையைச் சாலையில் இழுத்துச் சென்றார் என்று கதையை மாற்றிச் சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும், பஞ்சரான பிறகு ஒட்டுப் போடுவதைவிட, பஞ்சர் ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று யோசிக்கும் தலை அது. எனக்கு இந்த வாழ்க்கை வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஆணியை விலக்கிவிட்டால் டயர் எப்போதும் உழைக்குமா என்றால், அதுவும் இல்லை. டயரைத் தின்பவை வேறு பல. முதலாவது, காற்று. காற்று குறைந்த டயர் தரையில் சப்பையாகப் பரவும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச் சுவர் மடங்கி நிமிரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் சூடாகிறது அல்லவா? அதேபோல் டயரும் சூடாகும். சூடு ஏறினால் ரப்பர் பலம் இழக்கும், ஓரங்கள் சீக்கிரம் தேயும். சித்திரை மாத மதுரை வெயிலும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டுமா! அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினாலும் இதே கதிதான்.

அடுத்தது, ஓட்டுகிற விதம். சடாரென்று பிரேக் போட்டால் டயர் சாலையில் தேய்த்துக்கொண்டு போகும். பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்கும்போது துகள் உதிர்வதுபோல டயரும் உதிரும். வளைவில் வேகமாகத் திரும்பினாலும் அப்படித்தான்.

இங்கே உங்களுக்குப் பிடித்த ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியுமா? லட்ச லட்சமாகப் பணம் கொடுத்து வாங்கும் கார். அதன் டயர் நம் பஸ் டயரைவிட ரொம்ப நாள் உழைக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? நேர்மாறு! சாதாரணக் காரின் டயர் 40,000 கிலோமீட்டர், 50,000 கிலோமீட்டர் என்று ஓடும். ஸ்போர்ட்ஸ் கார் டயர் அதில் பாதி தூரம் ஓடுவதே பெரிய விஷயம். வேகமாக ஓட்டுபவரிடம் மாட்டினால் அதுவும் கிடையாது. பின் சக்கரத்தால் உந்தப்படும் கார் என்றால் பின் டயர்கள் முதலில் தேய்ந்துவிடும்.

காரணம், அந்த டயரின் ரப்பர் மென்மையானது. மென்மையான ரப்பர் சாலையின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் நன்றாகப் படிந்து இறுக்கிப் பிடிக்கும். வேகமாகத் திரும்பினாலும் கார் வழுக்காது. ஆனால் அந்தப் பிடிப்புக்கு விலையாக டயர் தன்னையே கொடுக்கிறது. பார்முலா ஒன் பந்தயக் கார்களின் மென்மையான டயர்கள் சில பத்து கிலோமீட்டரிலேயே பிடிப்பை இழக்கத் தொடங்கும். அதனால்தான் பந்தயத்தின் நடுவிலேயே காரை நிறுத்தி, இரண்டு மூன்று வினாடிகளில் நான்கு சக்கரங்களையும் மாற்றுகிறார்கள். மணிக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் போகும் புகாட்டி வேரான் என்ற காரை அதன் உச்ச வேகத்தில் விடாமல் ஓட்டினால், டயர்கள் கால் மணி நேரம்தான் தாங்கும் என்பார்கள். கவலை வேண்டாம், அதற்கு முன்பே பெட்ரோல் தீர்ந்துவிடுமாம்!

பஸ்சுக்கு அந்த வேகம் தேவையில்லை. அதற்கு வேண்டியது கெட்டியான ரப்பர், நிறையப் பட்டன், நீண்ட ஆயுள். அந்த ஆயுளுக்கே பெரிய சோதனை ஒன்று வந்தது.

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1941 டிசம்பரில் ஜப்பான் படைகள் மலாயாவில் இறங்கின. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதற்கும் மதுரை பஸ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? அன்று உலகத்துக்கு வேண்டிய ரப்பரில் மிகப் பெரும் பகுதி மலாயாவிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும்தான் விளைந்தது. அந்தத் தோட்டங்களில் விடியற்காலையில் எழுந்து மரத்தில் பால் வடித்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் நம் தமிழர்கள். அத்தனை தோட்டங்களும் ஜப்பான் கைக்குப் போய்விட்டன. இருக்கிற ரப்பர் எல்லாம் ராணுவத்துக்கு என்று ஆனது. அமெரிக்கா போன்ற பணக்கார நாட்டிலேயே, யாரும் மணிக்கு 35 மைலுக்கு மேல், அதாவது சுமார் 56 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டக் கூடாது என்று 1942இல் கட்டுப்பாடு வந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க மட்டும் அல்ல, டயர் தேயாமல் இருக்கவும்தான்!

இங்கேயும் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. டயருக்கும் தட்டுப்பாடு. பஸ்களை ஷெட்டில் நிறுத்திவிட வேண்டியதுதான் என்ற நிலை. பஸ் நின்றால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மெக்கானிக்குக்கும் வேலை ஏது?

சுந்தரம் ஐயங்காருக்கு அப்போது 65 வயது. ஓய்வெடுக்கும் வயதுதான். ஆனால் அவர் இரண்டு காரியங்கள் செய்தார்.

ஒன்று, பெட்ரோலுக்குப் பதில் கரி. 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்ற கருவியை அவருடைய நிறுவனம் தயாரித்தது. பஸ்சோடு ஒரு உருளை அடுப்பு சேர்க்கப்பட்டிருக்கும். அதில் கரியைப் போட்டு, குறைந்த காற்றில் எரிய விட்டால் எரியக்கூடிய வாயு ஒன்று உண்டாகும். அதை வடிகட்டி இன்ஜினுக்குள் அனுப்பினால் இன்ஜின் ஓடும். பெட்ரோல் கொடுக்கும் வேகம் இருக்காது, மேட்டில் ஏறும்போது திணறும். புறப்படுவதற்கு முன் அடுப்பு மூட்ட வேண்டும், கரி படிந்தால் சுத்தம் செய்ய வேண்டும். ஆனாலும் பஸ் ஓடியது!

இரண்டாவது, டயருக்கு மறுபிறவி. தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையைத் தொடங்கினார். இதற்கு ரீட்ரெடிங் என்று பெயர்.

ஒரு டயரில் முதலில் தேய்வது வெளிப்பக்கப் பட்டன்தான். உள்ளே, நூல் அடுக்குகளால் ஆன உடம்புப் பகுதி நல்லபடியாகவே இருக்கும். செருப்பின் அடி தேய்ந்தால் வாரை எறிகிறோமா? புது அடி வைத்துத் தைத்துப் போட்டுக்கொள்கிறோம் அல்லவா? அதே கதைதான். முதலில் டயரை உள்ளும் வெளியும் தடவிப் பார்த்து, கிழிசல் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். இந்த இடத்தில் கவனம் தவறினால் பிறகு ஓடும்போது டயர் வெடித்துப் பயணிகளின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். உடம்பு நன்றாக இருந்தால், மிச்சமிருக்கும் பட்டனைச் சுரண்டி மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவார்கள். ரப்பர் பசை தடவிப் புது ரப்பரைச் சுற்றுவார்கள். பிறகு இரும்பு அச்சுக்குள் வைத்துச் சூடேற்றுவார்கள். சூட்டில் ரப்பரும் அதில் கலந்துள்ள கந்தகமும் இறுகிப் பிணைந்து, பழைய உடம்போடு புதுத் தோல் ஒன்றாகிவிடும். அச்சில் இருக்கும் கோலம் அப்படியே டயரில் பதிந்து புதுப் பட்டன் வந்துவிடும்.

ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதியாகும் என்பதை 1839இல் கண்டுபிடித்தவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். பாவம், அவர் கடன்காரராகவே இறந்தார். அவர் பெயரைத் தாங்கிய பெரிய டயர் கம்பெனிகூட அவருடையது அல்ல. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறு யாரோ தொடங்கியது.

புது டயர் செய்யத் தேவைப்படும் ரப்பரில் ஒரு பகுதி இருந்தாலே ரீட்ரெடிங் செய்துவிடலாம். செலவும் குறைவு. ரப்பரே கிடைக்காத போர்க்காலத்தில் அது எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்துப் பாருங்கள்! நல்ல உடம்புள்ள பஸ், லாரி டயர்களை ஒரு முறைக்கு மேலும் இப்படிப் புதுப்பிக்கலாம். ஆகாய விமானத்தின் டயர்களைக்கூட ரீட்ரெடிங் செய்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் டயருக்கு இந்தப் பாக்கியம் கிடையாது. அந்த வேகத்துக்குப் புது டயர்தான் வேண்டும்.

போர் முடிந்தது. பஸ்கள், லாரிகள், மோட்டார் உதிரி பாகங்கள், கார் விற்பனை என்று நிறுவனம் கிளை பரப்பியது. சுந்தரம் ஐயங்கார் பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று, தமது 78ஆம் வயதில், கொடைக்கானலில் காலமானார்.

அவருடைய மகள் சௌந்தரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறு வயதிலேயே திருமணமாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். அன்றைய வழக்கப்படி அத்தகைய பெண்கள் வீட்டு மூலையில் முடங்க வேண்டியதுதான். சௌந்தரம் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்து டாக்டரானார். காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் வழியில்தான் அது இருக்கிறது.

1972ஆம் ஆண்டில், டி.வி.எஸ். நிறுவனத்தின் பஸ்களை அரசு ஏற்றுக்கொண்டது. அவற்றைக் கொண்டு மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. இன்றைய மதுரை அரசுப் போக்குவரத்துக் கழகம் அதன் வழி வந்ததுதான்.

பஸ் போனாலும் டயர் விடவில்லை! சுந்தரம் ஐயங்காரின் வழிவந்த குடும்பத்தார், 1982இல் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா என்ற டயர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் வெள்ளரிப்பட்டியில் அதன் தொழிற்சாலை இருக்கிறது. இரு சக்கர வாகன டயர்களுக்குப் பெயர் பெற்ற தொழிற்சாலை அது.

அங்கே செய்தாலும் வேறு எங்கே செய்தாலும், இக்காலத்து டயரின் பக்கச் சுவரில் அது பிறந்த தேதி பொதுவாக இருக்கும். ஒரு சிறிய நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்களைத் தேடுங்கள். 2319 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ஓடாமல் ஷெட்டிலேயே நின்றாலும் ரப்பருக்கு வயதாகும், இறுகும், வெடிப்பு விடும். இன்று மாலை அப்பாவின் வண்டி வந்ததும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள். டயருக்கு என்ன வயது என்று தெரிந்துவிடும். அப்படியே ஆணி ஏதாவது ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்!